தோற்கும் நொடியில் கடை திறக்காதீர்கள்

சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து போனில் ஆடும் கேம்களை டிசைன் செய்யும் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். எனக்கு 48 வயது. சொந்த ஊர் கோவில்பட்டி. இப்போது மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். கேம் செய்யும் தொழிலில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. ஆனால் ஆறு வயதில் பல்லாங்குழி முன்னால் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. தாயம், ஆடுபுலி, டிவியில் சொருகிய கேசட், ஆபீஸ் கம்ப்யூட்டர், நோக்கியா போன், இப்போது மகளின் டேப்லெட் என்று பலகைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. நாற்பத்திரண்டு வருடமாக ஆடுகிறவள் என்ற ஒரே உரிமையில் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தாள். பதினோரு வயது. ஒரே நிறக் காய்களைச் சேர்த்துக் கலைக்கும் ஆட்டம். நகர்த்த வேண்டிய தடவைகள் தீர்ந்துவிட்டன, இன்னும் மூன்று கட்டம் பாக்கி. திரையில் ஒரு பூனைக்குட்டி தேம்பித் தேம்பி அழுகிறது. அதற்குக் கீழே 9, 8, 7 என்று எண் குறைந்துகொண்டே வருகிறது. "தொடர 90 வைரம்" என்று பச்சை நிறத்தில் ஒரு பெரிய பொத்தான் துடிக்கிறது. வைரம் என்பது காசு கொடுத்து வாங்கும் ஆட்டப் பணம். வேண்டாம் என்று மூடுவதற்கான பெருக்கல் குறி மேல் மூலையில், சாம்பல் நிறத்தில், அரிசி மணி அளவுக்கு. அதுவும் எண் 5க்கு வந்த பிறகுதான் தலையைக் காட்டியது. "அம்மா, 89 ரூபாதான்மா, சீக்கிரம்மா" என்றாள். கண்ணில் தண்ணீர்.

கையைத் துடைத்துக்கொண்டு, "தோத்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "முதல்லேர்ந்து ஆடணும். அதுக்கும் லைஃப் இல்ல. அரை மணி நேரம் காத்திருக்கணும்."

அந்தத் திரையை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார். பூனை எவ்வளவு அழ வேண்டும், மூடும் குறி எத்தனை நொடி தாமதமாக வர வேண்டும் என்று நாலு பேர் கூடிப் பேசியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த மடல். திட்டுவதற்காக எழுதவில்லை. ஒரு ஆட்டம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் நான் பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தோற்றுக்கொண்டிருப்பவரை அது எப்படி நடத்துகிறது? இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆச்சியிடமிருந்து வந்தது. எங்கள் ஊரில் அப்போது பாதி வீடுகளில் தீப்பெட்டி ஒட்டுவார்கள். ஆச்சியும் ஒட்டுவாள். மத்தியானம் கை ஓய்ந்ததும் பல்லாங்குழியை எடுத்துத் திண்ணையில் வைப்பாள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து என்று எழுபது புளியங்கொட்டை. ஆடத் தெரியாத பிள்ளைகள் உங்களில் இருக்கலாம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். கை தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளி மறுபடியும் போட வேண்டும். அடுத்த குழி காலியாக இருந்தால், அதைத் துடைத்துவிட்டு அதற்கும் அடுத்த குழியில் இருப்பது உங்களுக்கு. ஒரு குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அந்தப் பக்கத்துக்காரர் எடுத்துக்கொள்வார்.

ஒரு ஆட்டம் முடிந்ததும்தான் விஷயமே இருக்கிறது. அவரவர் ஜெயித்த முத்துகளைக் கொண்டு அவரவர் பக்கத்து ஏழு குழிகளை நிரப்ப வேண்டும். என்னிடம் 25தான் மிஞ்சியது என்றால் ஐந்து குழிதான் நிரம்பும். மீதி இரண்டும் மூடின குழி. அதன்மேல் மருந்து தொடாத தீக்குச்சி ஒன்றை ஆச்சி குறுக்கே வைப்பாள். இனி அதில் யாரும் முத்து போடக் கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் என் பக்கம் தீக்குச்சி ஏறிக்கொண்டே போகும். ஐந்து குழி மூன்றாகும், மூன்று ஒன்றாகும். கடைசியில் ஒரு குழியைக்கூட நிரப்ப வழியில்லாமல் நாலே முத்து கையில் நிற்கும். நான் எழுந்திருப்பேன். ஆச்சி பாவாடையைப் பிடித்து இழுப்பாள்.

"ஏட்டி, எங்க எந்திரிக்க? கஞ்சி காய்ச்சு."

அதுதான் அந்த விதியின் பெயர். கஞ்சி காய்ச்சுதல். நாலு முத்து இருந்தால் நாலு குழியில் ஒன்று ஒன்றாகப் போட வேண்டும். எதிரே மூட்டை கட்டி வைத்திருக்கும் ஆச்சியும் தன் பக்கம் குழிக்கு ஒன்றாக நாலே முத்துதான் போட வேண்டும். அவள் ஜெயித்ததை யாரும் பிடுங்கவில்லை, அது அவள் மடியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் பலகையில் இருவரும் சமம். அங்கிருந்து நான் மறுபடி ஒரு குழியை நிரப்பி, பிறகு இரண்டாக்கி, ஒரு மழை நாளில் ஏழு குழியையும் மீட்டிருக்கிறேன். அப்படி மீண்டது இரண்டோ மூன்றோ தடவைதான். மற்ற நாளெல்லாம் கஞ்சியும் கொட்டிப் போய்த் தோற்றேன். ஆனால் ஒரு நாள்கூட பாதியில் எழுந்து போனதில்லை.

இதை யார் எப்போது சேர்த்தார்களோ, பெயர் தெரியாது. ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கும் எதிராளியைப் பார்த்து, இவளுக்கு இன்னும் ஒரு ஆட்டம் வேண்டுமே என்று நினைத்தவர் என்பது மட்டும் தெரிகிறது. நான் பார்த்ததிலேயே சிறந்த கேம் டிசைன் எது என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

தாயம் வேறொன்றைச் சொல்லிக்கொடுத்தது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டு. ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3 என்று நாலு முகம். ஒன்று விழுந்தால் தாயம். அது விழாமல் காய் இறங்காது. பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு படித்த அன்று சாயங்காலமே நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் 16 விதமாக விழலாம், அதில் தாயம் இரண்டு விதம். எட்டில் ஒன்று. அப்படியானால் எட்டு தடவை உருட்டினால் ஒரு தாயம் கட்டாயம் வருமா? வராது. எட்டு தடவை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. சின்ன வயதில் சுற்றிச் சுற்றி உட்கார வேண்டியிருந்ததற்குக் காரணம் என் ராசி அல்ல, வெறும் கணக்கு என்று தெரிந்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அந்தக் கணக்கை நான் எப்படிப் போட முடிந்தது? கட்டை என் கையில் இருந்தது. முகத்தை எண்ணலாம், எடை சரியில்லை என்று தோன்றினால் மாற்றச் சொல்லலாம், உருட்டுகிறவரின் கையைப் பார்க்கலாம். அதிர்ஷ்டம் எல்லோர் கண் முன்னாலும் விழுந்தது. இன்றைக்குப் பெட்டியைத் திற, பரிசு வரும் என்கிறீர்கள். அந்தப் பெட்டிக்கு எத்தனை முகம் என்று ஆடுகிறவருக்குத் தெரிவதில்லை. தென்கொரியாவில் 2024 மார்ச்சிலிருந்து, எந்தப் பரிசு விழ எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியே சொல்ல வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பெல்ஜியம் 2018இலேயே காசு கொடுத்துத் திறக்கும் இந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. நம் ஊரில் சட்டம் வருவதற்கு முன்னால் நீங்களாகவே எழுதி ஒட்டலாம். எட்டில் ஒன்று என்று தெரிந்ததால் நான் தாயம் ஆடுவதை நிறுத்திவிடவில்லை.

அப்புறம் டிவி கேம் வந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பம். அண்ணன் வாடகைக்கு எடுத்து வருவான், ஒரு நாள் வாடகை. அதனால் சனிக்கிழமை ராத்திரி யாரும் தூங்க மாட்டோம். காண்ட்ரா, மரியோ, டாங்க்கு. காண்ட்ராவில் மூன்று உயிர்தான், ஒரு குண்டு பட்டால் ஒரு உயிர் போய்விடும். இரண்டாம் கட்டத்தையே நாங்கள் வெகு நாள் தாண்டவில்லை. பிறகு யாரோ அண்ணனுக்கு ஒரு மந்திரத்தைச் சொன்னார்கள், பொத்தான்களை இந்த வரிசையில் அழுத்த வேண்டும் என்று. மேல மேல, கீழ கீழ, இடது வலது, இடது வலது, பி, ஏ. முப்பது உயிர். அதை அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதன் கதையைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். கசுஹிசா ஹஷிமோட்டோ என்பவர் ஜப்பானில் கொனாமி என்ற கேம் நிறுவனத்தில் கிரேடியஸ் என்ற ஆட்டத்தை வீட்டு டிவிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். 1986. தான் செய்த ஆட்டத்தைத் தன்னாலேயே கடைசி வரை ஆடிப் பார்க்க முடியவில்லை, அவ்வளவு கடினம். சோதிப்பதற்காகத் தனக்கு ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டார். அது ஆட்டத்தோடேயே வெளியே வந்துவிட்டது. பிறகு காண்ட்ராவிலும் அதே வரிசையை வைத்தார்கள். டிசைனர் தனக்காகக் காய்ச்சிய கஞ்சி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கிடைத்தது. ஹஷிமோட்டோ 2020இல் காலமானார். அன்று நானும் அண்ணனும் போனில் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மரியோவை எல்லோரும் புகழ்வார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஆட்டம் தொடங்கிச் சில நொடியில் ஒரு பூச்சி எதிரே நடந்து வரும். எதுவும் தெரியாதவர் அதில் மோதிச் சாவார். சரி, என்ன போயிற்று? அந்தச் சில நொடிதான். அடுத்த தடவை தாண்டுவார். எழுத்தில் ஒரு வரி விளக்கம் கிடையாது. செலவில்லாத இடமாகப் பார்த்து முதல் தோல்வியை வைத்திருக்கிறார் அதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ. எங்கள் அம்மா, எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவள், அந்தக் கட்டத்தை மூன்றாவது தடவையில் தாண்டினாள்.

உடனே நீங்கள் ஒன்று கேட்பீர்கள், நியாயமான கேள்விதான். 9, 8, 7 என்று எண்ணிக் காசு கேட்பதை நாங்களா கண்டுபிடித்தோம்? எண்பதுகளின் காசு போடும் மெஷின்களில் இருந்ததுதானே? உண்மை. மதுரை தமுக்கம் மைதானத்தில் சித்திரைப் பொருட்காட்சிக்குப் போனபோது நானே அந்த மெஷின் முன்னால் நின்றிருக்கிறேன். எண் குறையக் குறையக் கை பையைத் துழாவியது. ஆனால் அப்பா கொடுத்தது ஐந்து ரூபாய். தீர்ந்தால் தீர்ந்தது. பின்னால் ஒரு வரிசை நின்றது, அவர்களுக்கு இடம் விட வேண்டும். போட்ட காசு காசாகவே கண்ணில் பட்டது, வைரமாக மாறுவேஷம் போடவில்லை. அந்த மெஷினையும் நான் நல்ல டிசைன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஒரு வேலி இருந்தது. நீங்கள் வேலியை எடுத்துவிட்டு மெஷினை மட்டும் பிள்ளைகளின் படுக்கைக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள்.

ஆட்டத்தை எளிதாக்குங்கள் என்று நான் கேட்பதாக நினைக்காதீர்கள். கடினமான ஆட்டங்கள்தான் எனக்குப் பிடிக்கும். 2011இல் வந்த டார்க் சோல்ஸ், மனுஷரை அழ வைக்கும் ஆட்டம். சாவோம், சேர்த்து வைத்ததெல்லாம் செத்த இடத்திலேயே விழுந்துவிடும். ஆனால் அது அங்கேயே கிடக்கும். திரும்பப் போய் எடுக்க ஒரு வாய்ப்பு. வழியில் மறுபடி செத்தால் போனது போனதுதான். தங்கச்சி மகன் வீட்டில் இதை முதலில் பார்த்தபோது எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது.

செலஸ்ட் என்று 2018இல் ஒரு மலையேறும் ஆட்டம் வந்தது. விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் போன பிறகும் நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்குக் குதிக்க விடுவார்கள். ஆடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, நூலிழையில் தப்பித்தோம் என்றுதான் தோன்றும். இதே கருணை இன்னும் பழையது. 1997இல் நோக்கியா 6110இல் பாம்பு ஆட்டம் செய்த தனேலி அர்மான்டோ, பாம்பு சுவரில் முட்டும் கடைசித் தருணத்தில் சில மில்லிசெகண்ட் தாமதம் வைத்தார், திருப்பிக்கொள்ளட்டும் என்று. பஸ்ஸில் போகும்போது அந்தப் பாம்பைத் திருப்பித் திருப்பி எத்தனை தடவை பிழைத்திருப்பேன்! என் விரல்தான் வேகம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். எங்கோ பின்லாந்தில் ஒருவர் கை கொடுத்திருக்கிறார், என்னிடம் சொல்லாமல், என்னிடம் காசு வாங்காமல்.

தோற்றவருக்கு உதவுகிறேன் என்று தப்பாகச் செய்வதும் உண்டு. மரியோ கார்ட் என்ற வண்டிப் பந்தய ஆட்டத்தில் வரும் நீல ஆமை ஓடு எனக்குப் பிடிக்காது. கடைசியில் ஓடுகிறவர் எறிந்தால் நேரே முதலில் ஓடுகிறவர்மேல் போய் வெடிக்கும். யோசித்துப் பாருங்கள், எறிந்தவர் கடைசியிலேயேதான் இருக்கிறார். லாபம் இரண்டாவதாக ஓடியவருக்கு. ஜெயிப்பவரை அடிப்பது வேறு, தோற்பவருக்கு இடம் கொடுப்பது வேறு. ஆச்சியின் மடியில் இருந்த முத்தை யாரும் தொடவில்லை என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான்.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். சும்மா கொடுத்தால்தான் நம் ஊரில் இறக்குவார்கள், ஆடுகிறவர்களில் மிகச் சிலரே காசு கொடுப்பார்கள், சம்பளம் போட வேண்டாமா என்பீர்கள். வேண்டும். கடைக் கணக்கு பார்ப்பவள் நான், வரவு இல்லாமல் எதுவும் நடக்காது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதுக் கட்டங்களை விற்றுக்கொள்ளுங்கள். சட்டை, தொப்பி, வண்டிக்குப் பெயிண்ட் விற்றுக்கொள்ளுங்கள். மொத்தமாக ஒரு விலை சொல்லுங்கள், நான் முதல் ஆளாக வாங்குகிறேன். விளம்பரம் காட்டினாலும் பொறுத்துக்கொள்வேன். எங்கள் கடையில்கூடத் தீபாவளிக் கூட்டத்தில் ஒரு பிள்ளை தொலைந்துபோய் அழுதுகொண்டு நின்றால், முதலில் அதன் அம்மாவைத் தேடுவோம். அந்தப் பிள்ளையிடம் போய்ப் புதுப் பாவாடை எடுக்கிறாயா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வழி எங்கே போய் முடியும் என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. 2017இல் ஆக்டிவிஷன் என்ற கேம் நிறுவனத்துக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கிடைத்தது. யாரோடு யாரை மோத விட்டால் ஆடுகிறவர் பொருள் வாங்கத் தூண்டப்படுவார் என்று பார்த்து ஜோடி சேர்க்கும் முறை அது. எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தவில்லை என்று அவர்களே சொன்னார்கள், நம்பலாம். ஆனால் தோல்வியையே ஏற்பாடு செய்து கொடுக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றி, அதை உட்கார்ந்து எழுதியும் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில், ஃபோர்ட்நைட் ஆட்டத்தைச் செய்த எபிக் நிறுவனம், குழப்பும்படி பொத்தான் வைத்து வாங்க வைத்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில், 24.5 கோடி டாலர் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. வைத்தது ஒரு பொத்தான், கொடுத்த விலை இவ்வளவு.

உங்களிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். தோற்றுப்போன திரையில் எதையும் விற்காதீர்கள். எண்ணும் கடிகாரத்தை எடுத்துவிடுங்கள். வேண்டாம் என்பதற்கும் வேண்டும் என்பதற்கும் ஒரே அளவு பொத்தான் வையுங்கள், ஒரே நேரத்தில் காட்டுங்கள். விலையை ரூபாயில் எழுதுங்கள். அரை மணி நேரம் காத்திரு என்று சொல்வதை விட்டு, அந்த அரை மணி நேரத்தில் ஆட ஏதாவது சின்னதாகக் கொடுங்கள், நாலு முத்து ஆட்டம் போல. அதில் ஜெயித்தால் ஒரு லைஃப் திரும்பக் கிடைக்கட்டும். இதை உங்களைவிட நன்றாக யோசிக்க என்னால் முடியாது, ஏனென்றால் அது உங்கள் வேலை, நீங்கள் அதில் கெட்டிக்காரர்கள். அந்தப் பூனைக்குட்டி அழுத அழகிலேயே தெரிகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் 89 ரூபாய் கொடுக்கவில்லை. எண் பூஜ்யத்துக்கு வந்து திரை மாறும் வரை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு பரணில் இருந்து ஆச்சியின் பலகையை இறக்கினேன். ஒரு குழியின் விளிம்பு உடைந்திருக்கிறது, புளியங்கொட்டை எழுபதில் அறுபத்தாறுதான் இருந்தது. குறைந்த நாலுக்கு சட்டைப் பொத்தான் போட்டோம். மூன்றாவது ஆட்டத்தில் அவள் பக்கம் ஆறு தீக்குச்சி. நாலாவதில் கையில் மூன்றே முத்து. எழுந்து டேப்லெட் பக்கம் திரும்பினாள்.

கஞ்சி காய்ச்சச் சொன்னேன். "அப்படின்னா?" என்றாள். சொன்னேன். நான் என் பக்கம் மூன்றே முத்து வைப்பதைக் கவனமாகப் பார்த்தாள், மடியில் இருப்பதையும் பார்த்தாள். "நெஜமாவா? சும்மாவா?" என்று கேட்டுவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

அந்த ஆட்டத்தின் அடுத்த அப்டேட் வரும்போது முதலில் தோற்றுத்தான் பார்க்கப்போகிறேன்.

அன்புடன்,
கோவில்பட்டியில் ஆடப் பழகிய ஒருத்தி